பழைய நிலக்கரியை வாங்கலாமா? மூன்று குவியல்களின் ஒப்பீடு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஸ்க்ராண்டனுக்கும் வில்க்ஸ்-பாரிக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கில், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க இன்றும் நிலக்கரி எரிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. புதுக் கரியைத் தரம்பிரிப்பு ஆலையிலிருந்தோ கரிக்கடையிலிருந்தோ வாங்குவதே பொது வழக்கம் என்றாலும், ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் வேறொரு வகைக் கரியும் கைமாறுகிறது. எரிவாயுவுக்கு மாறிய வீட்டில் மிஞ்சிய மூட்டைகள், தாத்தா காலத்திலிருந்து நிலவறையில் கிடக்கும் குவியல், பண்ணைக் கொட்டகையில் போட்டு மறந்துபோன கரி என்று அது பல உருவங்களில் வரும். விலை பாதியாக இருக்கும்; சில வேளைகளில் அள்ளிக்கொண்டு போனாலே போதும் என்பார்கள்.

சென்ற ஆண்டு அக்டோபரில் இத்தகைய மூன்று வாய்ப்புகள் ஒரே வாரத்தில் எனக்குக் கிடைத்தன. முதலாவது, வில்க்ஸ்-பாரியில் விற்பனைக்கு வந்த ஒரு பழைய வீட்டின் நிலவறைக் கரித்தொட்டி; விலை எதுவுமில்லை, சுமந்து செல்வது மட்டும் நம் பொறுப்பு. இரண்டாவது, தானியங்கி அடுப்பை விற்றுவிட்ட ஒருவரிடம் பிரிக்கப்படாமல் இருந்த 30 மூட்டைகள்; மூட்டைக்கு 40 பவுண்டு, விலை கடைவிலையில் பாதி. மூன்றாவது, நெடுஞ்சாலையோரப் பண்ணை ஒன்றின் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த, என்ன கரி என்று உரிமையாளருக்கே தெரியாத ஒரு குவியல். அதற்கு அவர் கேட்டது கடைவிலையில் ஐந்தில் இரண்டு பங்கு. என் வீட்டில் இருப்பது கையால் கரி போடும் அடுப்பு. அதன் இரும்புக் கம்பித்தட்டு 'நட்' எனப்படும் அளவுக் கரிக்காகச் செய்யப்பட்டது. இந்தக் கட்டுரையின் முடிவுகள் அந்த அடுப்பை வைத்தே எடுக்கப்பட்டவை; வேறு அடுப்பு வைத்திருப்பவருக்கு அதே மூன்று குவியல்கள் வேறு வரிசையில் நிற்கும்.

பழைய கரியைப் பற்றிப் பலருக்கும் முதலில் எழும் ஐயம், இத்தனை ஆண்டு கிடந்தது இன்னும் எரியுமா என்பதுதான். இந்த வட்டாரத்தில் வெட்டப்படும் ஆந்த்ரசைட் என்ற கடின நிலக்கரி வகையைப் பொறுத்தவரை இது தேவையற்ற கவலை. பூமிக்குள் பல கோடி ஆண்டுகள் கிடந்த கரி, நிலவறையில் மேலும் 70 ஆண்டுகள் கிடந்ததால் சொல்லத்தக்க அளவில் வெப்பத்தை இழப்பதில்லை. மழையில் நனைந்தாலும் பாதகமில்லை. தூசி அடங்கும் என்பதற்காகச் சிலர் தாங்களாகவே தண்ணீர் தெளிக்கிறார்கள். எடைபோட்டு விற்கும்போது அந்தத் தண்ணீருக்கும் நாம் பணம் கொடுக்கிறோம் என்பது மட்டுமே நட்டம். பிட்டுமினஸ் என்ற மென்கரி வகை அப்படியன்று; காற்றுப்பட்டு மெல்ல ஆக்சிசனேற்றம் அடைந்து, விளிம்புகள் உதிர்ந்து, வெப்பத்திலும் ஓரளவை இழக்கும். நம் நெய்வேலியில் கிடைக்கும் பழுப்பு நிலக்கரியோ எடையில் ஏறத்தாழப் பாதி ஈரமாக இருப்பது. வெளியே எடுத்து உலரவிட்டால் விரிசல்விட்டுப் பொடியாகிவிடும். எனவே வயதை வைத்துப் பழைய கரியை ஒதுக்க வேண்டியதில்லை. அதில் என்ன கலந்திருக்கிறது, அது நம் அடுப்புக்குப் பொருந்துமா என்பவையே ஆராய வேண்டியவை.

எந்த வகைக் கரி?

அமெரிக்கத் தர வகைப்பாட்டில், ஈரமும் கனிமமும் நீக்கிக் கணக்கிட்டால் ஆந்த்ரசைட்டில் நிலைக்கார்பன், அதாவது ஆவியாகாமல் தங்கி எரியும் கார்பன், 92 முதல் 98 விழுக்காடு வரை இருக்கும். சூடேறும்போது ஆவியாகி வெளியேறும் பொருள் அதில் மிகக் குறைவு. ஆகவே புகை எழாமல், குட்டையான நீலச் சுவாலையோடு எரியும். பிட்டுமினஸில் ஆவியாகும் பொருள் அதிகம். அது எளிதில் பற்றும், மஞ்சள் சுவாலையோடு கரும்புகை கக்கும், தார் நாற்றம் வீசும். பவுண்டுக்குக் கிடைக்கும் வெப்பத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. நல்ல பிட்டுமினஸ், சாம்பல் மிகுந்த ஆந்த்ரசைட்டை விஞ்சுவதும் உண்டு. வேறுபாடு எரியும் முறையில்தான் இருக்கிறது. அந்த முறைக்கு ஏற்பத்தான் அடுப்பும் புகைபோக்கியும் அமைக்கப்பட்டிருக்கின்றன.

கண்ணாலும் கையாலும் பார்த்தே பெரும்பாலும் முடிவுக்கு வந்துவிடலாம். ஆந்த்ரசைட்டைத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தால் கறுப்புக் கண்ணாடிபோல் பளபளக்கும். உடைத்தால் சிப்பியின் உட்புறம்போல் வளைந்த முகங்கள் தெரியும். மேல்தூசியைக் கழுவிவிட்டால் விரலில் அதிகம் ஒட்டாது. இரண்டு துண்டுகளை மோதினால் பீங்கான் தட்டுகள் உரசுவது போன்ற ஓசை வரும். பிட்டுமினஸில் மங்கலும் மினுக்கமுமாக மாறிமாறி அடுக்குக் கோடுகள் ஓடும். அது சதுரம் சதுரமாகப் பிளக்கும். எத்தனை முறை கழுவினாலும் கை கறுக்கும்.

கண்ணை நம்பாதவர்களுக்குச் சமையலறைத் தராசு ஒன்று போதும். துண்டைக் கழுவி உலர்த்தி எடைபோட்டுக்கொள்ள வேண்டும். பிறகு தண்ணீர்ப் பாத்திரத்தைத் தராசில் வைத்து எண்ணைச் சுழியமாக்கி, துண்டை நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுவதும் மூழ்கும்படி தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டும் கிராம் எண்ணே அந்தத் துண்டின் கன அளவு, கன சென்டிமீட்டரில். முதல் எடையை இதனால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். நிலவறைக் கரியின் ஒரு துண்டு 84 கிராம் இருந்தது, தண்ணீரில் 53 காட்டியது, அடர்த்தி 1.58. கொட்டகைக் கரியின் துண்டு 71 கிராம், தண்ணீரில் 54, அடர்த்தி 1.31. பென்சில்வேனிய ஆந்த்ரசைட் பெரும்பாலும் 1.5ஐ ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கும். பிட்டுமினஸ் பொதுவாக 1.4ஐத் தாண்டாது. நிலவறையிலிருந்து எடுத்த இன்னொரு தட்டையான சாம்பல்நிறத் துண்டு 2.59 காட்டியது, அது கரியே அன்று, கல். கல்லின் கதையைப் பிறகு சொல்கிறேன்.

கடைசிச் சோதனை நெருப்பு. திறந்த வெளியில், கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொண்டு, பெருவிரல் அளவுத் துண்டு ஒன்றின்மேல் எரிவாயு ஊதுவிளக்கின் சுவாலையைக் காட்ட வேண்டும். ஆந்த்ரசைட் சில நேரம் படபடவென்று தெறிக்கும் என்பதால் கண்ணாடி கட்டாயம். நிலவறைத் துண்டு நெடுநேரம் ஒன்றுமே நடக்காததுபோல் இருந்து, பிறகு ஓரங்களில் சிவந்தது. சுவாலையை எடுத்ததும் அணைந்துவிட்டது. கொட்டகைத் துண்டு உடனே பற்றி, மேலே தார்போல் கொப்புளித்து, வீட்டுப் பின்புறம் முழுவதையும் நாறடித்தது. மூன்றாவது வாய்ப்பு பிட்டுமினஸ் என்பதில் அத்துடன் ஐயம் தீர்ந்தது.

இங்கே நம்மவர்களுக்கு ஒரு சொல். 'கரி' என்று தமிழில் நாம் முதலில் நினைப்பது இஸ்திரிப் பெட்டியில் போடும் அடுப்புக்கரியை. அது தண்ணீரில் மிதக்கும், ஒரு தீக்குச்சியும் விசிறியும் இருந்தால் கனலும். அந்தப் பழக்கத்தில் ஆந்த்ரசைட்டைப் பற்றவைக்க முயன்று, பற்றவில்லை என்றதும் "இது செத்த கரி" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது எளிது. தனித்துண்டு அணைவது ஆந்த்ரசைட்டின் இயல்பு. ஆழமான குவியலாக, அடியிலிருந்து காற்று வந்தால்தான் அது தன் தணலைத் தானே காத்துக்கொள்ளும். 1808 பிப்ரவரியில் வில்க்ஸ்-பாரியில் ஜெஸ்ஸி ஃபெல் என்பவர் இரும்புக் கம்பித்தட்டின்மேல் இதை எரித்துக் காட்டிய பிறகுதான் வீட்டுக் கணப்புகளில் இதன் பயன்பாடு பரவியது. எனவே தீப்பற்றச் சுணங்குவதைக் குறையாகக் கொண்டு பழைய கரியை மறுக்க வேண்டாம்.

வேறொரு பொருளும் இத்தகைய குவியல்களில் அகப்படுவதுண்டு. சாம்பல்நிறத்தில், கடற்பஞ்சுபோல் துளைகளோடு, கைக்கு மிக இலேசாக இருந்தால் அது கோக், அதாவது காற்றில்லாமல் சுட்டு ஆவிப்பொருளை நீக்கிய கரி, எரியக்கூடியதே. அதே துளைகளோடு, ஆனால் கண்ணாடிபோல் உருகி இறுகியிருந்தால் அது பழைய அடுப்பிலிருந்து வந்த கிட்டம், குப்பைக்குரியது.

நிலவறையில் கண்ட நீலம்

கரித்தொட்டியின் ஒரு மூலையில், மேல்தூசியைத் துடைத்தபோது, சில துண்டுகளில் நீலச் சாயம் தெரிந்தது. இது அழுக்கன்று. க்ளென் ஆல்டன் என்ற சுரங்க நிறுவனம் தன் கரியை அடையாளம் காட்டுவதற்காக நீலச் சாயம் தெளித்து, 'ப்ளூ கோல்' என்ற வணிகப் பெயரில் விற்றது. 1930களில் வானொலி நாடகத் தொடர் ஒன்றுக்கே அது விளம்பரதாரராக இருந்தது. கறுப்புக் கட்டிகளில் யாருடையது நல்லது என்று வீட்டுக்காரரால் கண்டறிய முடியாதபோது, நிறம் பூசி நம்பிக்கையை விற்றார்கள். இன்று அந்தச் சாயம் நமக்குச் சொல்வது ஒன்றே: அந்தத் துண்டுகள் இந்தப் பள்ளத்தாக்கின் ஆந்த்ரசைட். தொட்டியிலுள்ள மற்றவையும் அப்படியே என்பதற்கு அது சான்றாகாது.

இந்தத் தொட்டிகள் ஏன் நிரம்பியபடியே விடப்பட்டன என்பதும் மதிப்பீட்டுக்கு உதவும். ஆந்த்ரசைட் உற்பத்தி 1917இல் ஏறத்தாழ 10 கோடி டன் என்ற உச்சத்தைத் தொட்டு, பிறகு சரிந்தது. 1959 ஜனவரி 22 அன்று நாக்ஸ் சுரங்கத்துக்குள் சஸ்குஹானா ஆறு உடைத்துக்கொண்டு புகுந்து 12 பேர் இறந்ததோடு, வில்க்ஸ்-பாரிப் பகுதியின் ஆழ்சுரங்கத் தொழில் பெரும்பாலும் முடிவுக்கு வந்தது. அந்தப் பத்தாண்டுகளில் வீடுகள் ஒவ்வொன்றாக எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் மாறின. அப்படி மாறியபோது, எண்ணெய்த் தொட்டியை வைக்க இடம் தேடியவர்கள் பல வீடுகளில் தேர்ந்தெடுத்தது இதே கரியறையைத்தான். ஆகவே நிலவறைக் கரியைப் பார்க்கும்போது முதலில் மூக்கைப் பயன்படுத்த வேண்டும். எண்ணெய் கசிந்து ஊறிய கரி எரியும்போது என்ன செய்யும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலாது. அதைத் தொடாமல் விடுவதே முறை. அடுத்து, பழைய உலையின் குழாய்களைச் சுற்றி வெள்ளையாகவோ சாம்பல்நிறமாகவோ உதிரும் உறை இருந்தால், அது கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) என்றே கொள்ள வேண்டும். அதன் துகள் கரியின்மேல் விழுந்திருந்தால், இலவசம் என்ற சொல் நம்மை மயக்க விடக்கூடாது. நான் பார்த்த வீட்டில் இரண்டும் இல்லை.

அளவு

ஆந்த்ரசைட்டைச் சல்லடைகளில் சலித்து, அளவுக்கு ஒரு பெயர் வைத்து விற்பார்கள். 'ரைஸ்' என்பது 5 முதல் 8 மில்லிமீட்டர். துவரையிலிருந்து கொண்டைக்கடலை வரை என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்தது 'பக்வீட்', 8 முதல் 14 வரை. பிறகு 'பீ', 14 முதல் 21 வரை. 'நட்' 21 முதல் 41 வரை, அதாவது கொட்டைப்பாக்கிலிருந்து எலுமிச்சம்பழம் வரை. அதற்கு மேல் 'ஸ்டவ்' 62 வரையிலும், 'எக்' 83 வரையிலும் போகும். அரிசி, பட்டாணி என்று பெயர் வைத்தவர் எந்த ஊர் அரிசியையும் பட்டாணியையும் பார்த்தார் என்பது எனக்கு விளங்கியதில்லை. பெயரை நம்பாமல் அளவுகோலை நம்புவது நல்லது.

பழைய கரி வாங்குவோர் ஏமாறுவது பெரும்பாலும் தரத்தில் அன்று, இந்த அளவில்தான். ரைஸ், பக்வீட் இரண்டும் மின்விசிறியால் காற்று ஊதி, தானே கரியைத் தள்ளிக்கொள்ளும் ஸ்டோக்கர் அடுப்புகளுக்கானவை. அவற்றைக் கையடுப்பில் போட்டால் ஒரு பகுதி கம்பித்தட்டின் இடைவெளி வழியே சாம்பல் தட்டில் விழும். மீதி நெருக்கமாக அடைத்துக்கொண்டு, இயல்பாக மேலெழும் காற்றை மறித்துத் தணலை அணைக்கும். மாறாக, நட் அளவுக் கரியை ஸ்டோக்கரில் கொட்டினால் அதன் தள்ளுகருவி சிக்கி நின்றுவிடும். பெரிய கட்டியைச் சுத்தியலால் உடைத்துச் சிறிதாக்கலாம், தூள் பறக்கும் என்றாலும். சிறியதைப் பெரிதாக்க வழியில்லை. ஆகவே ஐயத்துக்கு இடமிருந்தால், பெரிய அளவை ஏற்பதே பாதுகாப்பு.

இரண்டாவது வாய்ப்பான 30 மூட்டைகள் இந்த இடத்தில்தான் என் கையைவிட்டுப் போயின. மூன்றிலும் அதுவே மிகச் சுத்தமான கரி: ஆலையில் சலித்துக் கழுவிக் கட்டியது, மூட்டையின்மேலேயே வகையும் அளவும் அச்சிட்டது, எடையில் ஐயமில்லாதது. ஆனால் எல்லாமே ரைஸ். இரவில் தணலை அடக்கி வைப்பதற்கு மேலே சிறிது தூவிக்கொள்ளலாம் என்று இரண்டு மூட்டைகளை மட்டும் வாங்கினேன். ஸ்டோக்கர் வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு மற்றவற்றைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அது கண்ணை மூடிக்கொண்டு வாங்கத்தக்கது. அவரும் வாங்குவதற்கு முன் அடி வரிசை மூட்டைகளில் ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். வெயிலில் கிடந்த நெகிழிப் பை நைந்து கிழிந்திருக்கும். சில வீடுகளில் காலி மூட்டைகளில் சாம்பலை அடைத்து அதே அடுக்கில் வைத்திருப்பார்கள்.

கல்லும் தூளும்

நிலவறைத் தொட்டிதான் அதிகம் உழைத்துப் பார்க்க வேண்டியதாக இருந்தது. பல ஆண்டுகளாகப் பல கடைகளிலிருந்து கொட்டப்பட்ட குவியலில் மேல்பகுதி அடிப்பகுதியைப் பற்றி எதுவும் சொல்லாது. பெரிய உலைகள் இருந்த காலத்து எக், ஸ்டவ் அளவுகள் அடியிலும், பின்னாளில் வைத்த சிறிய அடுப்புக்கான நட் மேலேயும் இருந்தன. தூள் முழுவதும் இயல்பாகவே கீழே இறங்கிவிட்டிருந்தது. மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, சுவரோர அடியிலிருந்து ஒன்று என 20 பவுண்டு வீதம் மூன்று வாளிகள் எடுத்து, அரை அங்குலக் கண் கொண்ட கம்பிவலையில் சலித்தேன். மொத்தம் 60 பவுண்டில் வலைக்குக் கீழே போனது 7 பவுண்டு, கல் 5 பவுண்டு, உடைத்தால் பயன்படக்கூடிய பெரிய கட்டிகள் 9 பவுண்டு, நேராக அடுப்பில் போடக்கூடியது 39 பவுண்டு. ஆக, ஐந்தில் நான்கு பங்கு தேறும்.

கல் என்று இங்கே சொல்வது கரியடுக்குகளுக்கு இடையில் படியும் களிப்பாறையை. மங்கலாக, தட்டையாக, அளவுக்கு மீறிய கனத்தோடு இருக்கும். அடுப்பில் போட்ட உருவத்திலேயே வெளுத்து வெளியே வரும். ஒரு பக்கம் கரியும் மறுபக்கம் கல்லுமாக ஒட்டியவையும் உண்டு. அவை பாதி எரியும். புதுக் கரியிலும் கல் இல்லாமலில்லை. இயந்திரங்கள் வருமுன், தரம்பிரிப்பு ஆலைகளில் சரிவான சறுக்குத் தடங்களின் மீது குனிந்து உட்கார்ந்து, ஓடிவரும் கரியிலிருந்து இந்தக் கல்லை வெறுங்கையால் பொறுக்கியவர்கள் சிறுவர்கள். 1911 ஜனவரியில் சவுத் பிட்ஸ்டனில் லூயிஸ் ஹைன் எடுத்த ஒளிப்படங்களில் அவர்கள் கறுத்த முகத்தோடு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். சலித்த கரியிலிருந்து நான் கல் பொறுக்கிய அந்தப் பிற்பகலில் பத்து வாளிக்குள் விரல்நுனி தேய்ந்துவிட்டது. அவர்களுக்கு அது ஒரு நாள் வேலை அன்று.

கல் மிகுந்தால் சாம்பல் மிகும். ஆந்த்ரசைட்டில் எடையில் 8 முதல் 15 விழுக்காடு வரை சாம்பல் தங்குவது இயல்பே. ஒரு டன் எரித்தால் 160 முதல் 300 பவுண்டு வரை அள்ளிக் கொட்ட வேண்டியிருக்கும். அதற்கு மேல் போனால், கம்பித்தட்டில் கல் சிக்கிக் குலுக்க முடியாமல் போவதும், இரவில் தணல் அணைந்துபோவதும் தொடங்கும். சாம்பலின் நிறம், சிவப்போ வெள்ளையோ, பெரும்பாலும் இரும்பின் அளவைக் காட்டுவது. அதை வைத்துத் தரம் சொல்பவர்களை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

சலிக்கும்போது கம்பி, ஆணி, மரத்துண்டு ஆகியவையும் வரும். சுரங்கத்தில் வெடிவைத்தபோது மிஞ்சிய கம்பித் துண்டுகளும் வரலாம். கம்பியின் முனையில் சிறு உலோகக் குழாய் ஒட்டியிருந்தால் அது வெடிக்காத டெட்டனேட்டராக (வெடியைத் தூண்டும் குழாயாக) இருக்கக்கூடும்; தொடாமல் விலகிக் காவல்துறையை அழைப்பதே முறை.

கல்லைப் பற்றிப் பேசும்போது நான்காவது ஒரு வழியையும் சொல்ல வேண்டும். சுரங்க ஊர்களில் மலைபோல் நிற்கும் கழிவுக் குவியல்களிலிருந்து கரி பொறுக்கிக்கொள்ளலாம் என்று சிலர் கூறுவார்கள். அவற்றுக்கு உரிமையாளர் உண்டு; கேட்காமல் எடுப்பது திருட்டு. கல்லே மிகுந்த அந்தக் கழிவை எரிப்பதற்கென்று தனி வகைக் கொதிகலன்கள் கொண்ட மின்நிலையங்கள் இந்த வட்டாரத்தில் உள்ளன என்பதிலிருந்தே, அது வீட்டு அடுப்புக்கு உரியதன்று என்பது விளங்கும்.

கணக்கு

விலை ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், ஒரு டன் புதுக் கரி வீட்டுக்கு வந்து சேரும் விலையை 100 என்று வைத்துக்கொண்டேன். டன் என்பது இங்கே 2,000 பவுண்டு. பழைய கரியின் விலையைத் தேறும் பங்கால் வகுத்தால் உண்மை விலை தெரியும். 60க்குக் கிடைக்கும் குவியலில் முக்கால் பங்குதான் தேறும் என்றால் அதன் விலை 80.

தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்பதை உரிமையாளரின் மதிப்பீட்டுக்கு விடாமல் அளந்துகொள்ளலாம். ஒரு கன அடி ஆந்த்ரசைட் 50 முதல் 55 பவுண்டு வரை இருக்கும். தொட்டி 6 அடி நீளம், 5 அடி அகலம். குவியல் ஒருபுறம் சரிந்திருந்ததால் சராசரி உயரம் 2 அடி. 60 கன அடிக்கு 52 பவுண்டு வீதம் 3,120 பவுண்டு. அதில் ஐந்தில் நான்கு பங்கு, ஏறத்தாழ 2,500 பவுண்டு, அதாவது ஒன்றேகால் டன். ஒரு டன் ஆந்த்ரசைட்டில் சுமார் 2.5 கோடி பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் ஓர் அலகு) வெப்பம் இருக்கிறது, வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் ஒரு கேலனில் சுமார் 1,38,500. இரண்டும் ஒரே திறனோடு எரிவதாகக் கொண்டால், அந்தத் தொட்டி 225 கேலன் எண்ணெய்க்குச் சமம். நாளொன்றுக்கு 40 பவுண்டு எரிக்கும் என் வீட்டுக்கு அது இரண்டு மாதக் கரி.

இதற்கு எதிராக வைக்க வேண்டியவை வண்டி வாடகையும் இடுப்பும். சாதாரண பிக்கப் வண்டி ஒரு நடைக்கு முக்கால் டன்னைத் தாண்டிச் சுமப்பது சரியன்று. நான் இரண்டு நடை ஓட்டினேன். நிலவறைப் படிகளில் வாளி வாளியாக ஏற்றியதும் சலித்ததும் இருவருக்கு இரண்டு நாள் வேலை. வாடகையையும் எரிபொருளையும் ஒன்றேகால் டன்னுக்குப் பங்கிட்டபோது டன்னுக்கு 25 என்று நின்றது. உழைப்புக்குக் கூலி போட்டிருந்தால் அது புதுக் கரியின் விலையை எட்டிப்பிடித்திருக்கும் என்பதை மறைக்கப் போவதில்லை. முதுகுவலி உள்ளவர்கள், படி குறுகிய வீடுகள், தனியாள் குடும்பங்கள் ஆகியோருக்கு, தேவைக்கேற்ற அளவில் மூட்டைக் கரி வாங்குவதே மலிவு.

கொட்டகைக் கரியைக் கணக்கில் சேர்ப்பதற்கே இடமில்லாமல் போயிற்று. டன்னுக்கு 40 என்பதும், சாம்பல் குறைவாக இருந்ததும் கவர்ச்சிதான். ஆனால் ஆந்த்ரசைட்டுக்கு மட்டும் என்று தயாரிப்பாளர் எழுதிவைத்த அடுப்பில் பிட்டுமினஸை எரித்தால், மேலிருந்து காற்றுக் கிடைக்காத ஆவி எரியாமல் புகைக்கரியாகிக் குழாயில் படியும்; தேங்கிய ஆவி திடீரென்று பற்றினால் அடுப்புக் கதவையே தள்ளித் திறக்கும். அண்டை வீட்டுத் துணிக்கொடியின் கதை தனி. மேற்குப் பென்சில்வேனியாவில் அதற்கேற்ற அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு அது பழுதில்லாத எரிபொருள். கொல்லுலை வைத்திருப்பவர்களும் இந்தக் கரியைத்தான் தேடுகிறார்கள். சூட்டில் உருகி ஒட்டிக் கோக்காக மாறும் அதன் குணம் துருத்தி ஊதும் உலைக்கு வசதி. பண்ணையாளரிடம் அதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

எனவே தொட்டிக் கரியைத் தேர்ந்தேன். அதை எரிக்கத் தொடங்கிய முதல் வாரம் புதுக் கரிக்குக் கொடுப்பதைவிடக் கூடுதல் கவனம் கொடுக்க வேண்டியிருந்தது. கலப்பு அளவுக் கரி புதுக் கரியைப் போல ஒரே சீராகக் காற்றை விடாது. ஆகவே சிறியவற்றையும் பெரியவற்றையும் ஒரே வாளியில் கலக்காமல் தனித்தனியே வைத்துக்கொண்டேன். புதிதாகக் கரி போடும்போது தணலின் ஒரு மூலையை மூடாமல் சிவப்பாக விடுவது எல்லாக் கரிக்கும் உரிய விதி என்றாலும், தூள் கலந்த பழைய கரிக்கு அது இருமடங்கு முக்கியம். கட்டிகளுக்கு மேல் ஆடும் நீலச் சுவாலை எரிந்துகொண்டிருக்கும் கார்பன் மோனாக்சைடு. அதைப் பற்றவைக்கத் தணல் வெளியே தெரியாவிட்டால், அந்த வாயு நிறமும் மணமும் இன்றிக் கூடிவிடும். வீட்டின் ஒவ்வொரு தளத்திலும் அதற்கான எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா, அதன் மின்கலம் உயிரோடிருக்கிறதா என்று பார்த்த பின்னரே முதல் வாளியைக் கொட்டினேன்.

சலித்து ஒதுக்கிய தூளைத் தூக்கி எறியவில்லை. ஈரப்படுத்தி, இரவில் தணலின் ஓரத்தில் ஒரு கரண்டி வீதம் போட்டுத் தீர்த்தேன். டிசம்பர் முதல் வாரத்தில் தொடங்கிய தொட்டிக் கரி பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் தீர்ந்தது. கணக்கிட்டதைவிடச் சில நாள் கூடுதலாக வந்ததற்கு, ஜனவரியில் நான்கைந்து நாள் குளிர் தணிந்திருந்ததே காரணம். மார்ச் இறுதிவரை தேவைப்பட்டதற்குக் கடையில் ஒரு டன் நட் வாங்கினேன்.